அந்த 'டண்' யாருக்கு?



போன வாரம் என் அக்கா மகன் ஒரு வீடியோ காட்டினான். பள்ளி விளையாட்டு விழா. சாக்கு ஓட்டத்தில் அவனுடைய நண்பன் குப்புற விழுகிறான். படம் அப்படியே நிற்கிறது. முகம் நீலமாகிறது, நெற்றியில் நெட்டுக்குத்தாகக் கோடுகள், கண்கள் இரண்டும் வெறும் வெள்ளை வட்டங்கள், பின்னால் மின்னல். 'டண்ண்ண்' என்று ஒரு சத்தம்! உண்மையைச் சொல்கிறேன், நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

வகுப்பு முழுக்க அந்த வீடியோ போய்விட்டதாம். நண்பன் இரண்டு நாளாக இவனோடு பேசவில்லையாம். "ஜாலிக்குத்தானே பண்ணேன் சித்தி, அவன் ஏன் கோவிச்சுக்கிறான்?" என்று கேட்டான்.

அவனுக்குப் பதில் சொல்ல நான் ஜப்பான் வரை போக வேண்டியிருந்தது! அந்த 'அதிர்ச்சி' முகம் அங்கிருந்துதானே வந்தது? ஜப்பானியப் படக்கதைக்கு 'மாங்கா' என்று பெயர். (ஊறுகாய் போடுகிற மாங்காய் அல்ல!) அதில் ஒருவர் திடுக்கிட்டால், பக்கத்திலேயே 'காஆன்' என்று பெரிதாக எழுதிவிடுவார்கள். பெரிய மணியை ஓங்கி அடித்தது போன்ற ஓசை அது.

1600களில் அங்கே தோன்றிய கபுகி நாடகத்திலும் இப்படி ஒன்று உண்டு. முக்கியமான கட்டத்தில் நடிகர் கண்ணை உருட்டி, சிலை போல நின்றுவிடுவார். மேடை ஓரத்தில் இருப்பவர் இரண்டு மரக்கட்டைகளால் பலகையில் 'பட் பட்' என்று அடிப்பார். 'எல்லாரும் இந்த முகத்தைப் பாருங்கள்' என்று அர்த்தம்.

1963 ஜனவரி 1 அன்று 'ஆஸ்ட்ரோ பாய்' என்ற கார்ட்டூன் தொடர் ஜப்பான் தொலைக்காட்சியில் தொடங்கியது. உருவாக்கியவர் ஒசாமு தெசுகா. திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். அத்தனையும் வரையப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. அதனால் ஒரே ஓவியத்தை மூன்று முறை காட்டினார்கள். விநாடிக்கு 8 ஓவியம் போதும். பல இடங்களில் படம் அசையவே அசையாது. அங்கெல்லாம் சத்தம்தான் கைகொடுத்தது. ரோபோ பையனின் காலடி ஓசையைக்கூட மாத்சுவோ ஓனோ என்பவர் புதிதாக உருவாக்கினார்.

இந்தத் தெசுகா தன் கதைகளுக்குள் தன்னையே வரைந்து வைப்பார். தலையில் வட்டத் தொப்பி, இருப்பதைவிடப் பெரிய மூக்கு! தானே வந்து கேலிக்கும் ஆளாவார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவனிடம் கேட்டேன். "காகிதத்தில் வரைந்த முகம் மறுநாள் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. உன் நண்பன் போகணுமே? 'இவன் முகத்தைப் பாருங்க'ன்னு நீ கட்டை அடிச்சியே, அவனைக் கேட்டியா?"

பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை செல்போனை என் கையில் கொடுத்தான். "நான் விழறேன் சித்தி, நீங்க எடுங்க." மொட்டை மாடியில், பழைய அரிசிச் சாக்குக்குள் நின்று மூன்று முறை விழுந்தான். அதே நீல முகம், அதே மின்னல். எடுத்துக்கொண்டு நண்பன் வீட்டுக்கு ஓடினான். நண்பன் சிரிக்கவில்லையாம். இரண்டாம் முறை போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "சத்தம் சீக்கிரம் வந்துடுச்சுடா. அரை செகண்ட் சும்மா விட்டுட்டு அப்புறம் போடு" என்றானாம்.

இருவருமாக உட்கார்ந்து அதைச் சரிசெய்திருக்கிறார்கள். பழைய வீடியோவை இவன் அழித்துவிட்டான். மற்றப் பிள்ளைகளின் வீட்டு செல்போன்களில் இருப்பதை என்ன செய்வது என்றுதான் இன்னும் அவனுக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்