வீட்டின் வாழ்நாட் கணக்கு

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரி நம் நினைவுக்கு வருவான். அம்மலைமேல் உள்ள பதினான்கு நாடுகளுள் ஒன்று தேவனூர் நாடு. அங்கு மலையாளிப் பழங்குடியினர், மண்சுவர் எழுப்பிப் புல் வேய்ந்த வீடுகளில் வழிவழியாக வாழ்ந்துவந்தனர். (மலையாளி என்பது ஈண்டு மலையில் வாழ்வோரைக் குறிக்கும்; மொழிபற்றிய பெயர் அன்று.) இன்று அத்தகைய வீடுகள் அருகிச் சிமெண்டு வீடுகள் பெருகுகின்றன. மண்வீட்டில் வாழ்வதற்கு நாணுவோரும் உளர். அந்நாணம் வேண்டுவதன்று என்பது என் கருத்து.

வீட்டின் செலவைக் கொத்தனார் கூலியோடு நாம் முடித்துவிடுகிறோம். அறிஞர் காட்டும் கணக்கு வேறு. கட்டடப் பொருளை நிலத்திலிருந்து அகழ்வது முதல், ஆக்குவது, ஏற்றிச் செல்வது, பழுது பார்ப்பது, இறுதியில் இடித்து அகற்றுவது ஈறாக, எரிபொருள் எவ்வளவு செலவாயிற்று, காற்றும் நீரும் எவ்வளவு மாசுற்றன என்று கூட்டிப் பார்ப்பது அது. அதனை வாழ்நாள் மதிப்பீடு என்பர். 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குளிர்பானப் புட்டிகளை ஆராய்ந்தபோது முளைத்த இம்முறைக்கு, 1997-இல் உலகத் தர அமைப்பு விதிகள் வகுத்தது.

இக்கணக்கின்படி சிமெண்டைப் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுடவேண்டும். எரியும் நிலக்கரியேயன்றி, சுடப்படும் கல்லும் கரியமிலவாயுவை வெளிவிடுகின்றது. பிறகு மூட்டைகள் லாரியேறிக் காரவள்ளி வழியே 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலைமேல் வரவேண்டும். மண்ணோ காலடியிலேயே கிடப்பது. வெட்டவும் குழைக்கவும் மனிதர் கைகால்களே போதும். வீடு பாழ்பட்டால் மழையில் கரைந்து மீண்டும் நிலமாகிவிடும்.

ஆயினும் ஒருபக்கக் கணக்குக் கணக்காகாது. புற்கூரையை அடிக்கடி மாற்றவேண்டும், தீக்கும் அஞ்சவேண்டும். மண்சுவரின் அடியை மழைநீர் அரிக்கும். சிமெண்டு வீட்டின் தொடக்கச் செலவு பெரிதேனும், அது நெடுங்காலம் நிற்குமாயின் அச்செலவு பல ஆண்டுகளுக்குப் பங்கிடப்படும். இவற்றை மறைத்து மண்வீட்டைப் புகழ்வோர், அதில் ஒரு மழைக்காலம் தங்கிப் பார்த்தல் நன்று!

ஆதலின் இரண்டையும் இணைத்தலே தக்கது. ஆரோவில்லில் 1989-இல் தொடங்கப்பெற்ற மண்கட்டுமான நிறுவனம், மண்ணுடன் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே சிமெண்டு கலந்து, பொறியில் அழுத்திக் கற்கள் செய்கின்றது. அவற்றிற்குச் சூளை வேண்டா, விறகும் வேண்டா. தேவனூர் நாட்டிலும் கருங்கல் அடித்தளம், அழுத்திய மண்கற்சுவர், ஓட்டுக்கூரை எனக் கட்டலாம். ஓடும் சூளையில் வெந்ததே எனின், அச்செலவையும் ஏட்டில் எழுதுவோம். பொறியாளர் இவ்வேட்டை வீட்டுக்காரர் முன் விரித்து வைக்கட்டும். அதன்பின் அவர் சிமெண்டையே விரும்பினும் நான் மறுத்துரையேன்.