பழைய சக்கரமும் புதுப் பூச்சும்

புசல்லாவைக் கடைத்தெருவில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களை அண்மைக்காலமாகக் கவனித்து வருகிறேன். பத்து, பதினைந்து வருடம் ஓடிக் களைத்த வண்டிகள். பெற்றோல் தாங்கியில் கீறல், இருக்கையில் தையல். ஆனால் சக்கரங்கள் மட்டும் நேற்றுத்தான் பெட்டியிலிருந்து எடுத்தவை போலக் கருமையாகவோ பொன்னிறமாகவோ மின்னுகின்றன. "பொடியன்களுக்குப் பகட்டு முற்றிப்போய்விட்டது" என்று பெரியவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. ஆயினும் அந்தப் பொடியன்களிடம் சொல்வதற்கு எனக்கும் ஒன்று உண்டு.

முதலில் அவர்கள் பக்க நியாயம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்து, டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியது. இறக்குமதி 2025இல் மீண்டும் திறந்துவிடப்பட்டாலும் விலைகள் பழைய இடத்துக்கு இறங்கி வரவில்லை. தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாயாகவும், நீண்ட இழுபறிக்குப் பின் 2024இல் 1350 ரூபாயாகவும் ஆனது. இந்தக் கணக்கில் புது வண்டி வாங்குவது எப்படி? இருப்பதைத் திருத்தி ஓட்டுவதே வழி.

அந்த வண்டியும் வெறும் வண்டியல்ல. றொத்சைல்ட், டெல்டா போன்ற தோட்டங்களில் பிரதான வீதியிலிருந்து மேலே ஏறும் லயங்களுக்குப் பேருந்து போகாது. பிரசவ வலி கண்டவளை இறக்கிக்கொண்டு வருவதும், அரிசி மூட்டையை ஏற்றிக்கொண்டு போவதும், பிள்ளையைப் பரீட்சைக்குக் கொண்டு சேர்ப்பதும் அந்த இரு சக்கரங்கள்தாம். அவற்றுக்கு அழகு பார்ப்பதை வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன். மழையும் சேறும் ஓயாத ஊரில் துருவையும் அரிப்பையும் தடுப்பது பராமரிப்பின் ஒரு பகுதிதான்.

இனி பவுடர் கோட்டிங் என்றால் என்ன என்று பார்ப்போம். ஜெர்மானியரான எர்வின் ஜெம்மர் 1950களில் தொடக்கி வைத்த இம்முறையில் தின்னர் கிடையாது, தூரிகை கிடையாது. உலர்ந்த பிசின் பொடிக்கு மின்னேற்றம் கொடுத்துத் துப்பாக்கியால் தெளித்தால், அது உலோகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு 180 முதல் 200 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அடுப்பில் பத்து, இருபது நிமிடம் வைத்தால் பொடி உருகி, இறுகி, ஒரே தோலாகிவிடும். நம் பகுதிகளில் அலுமினிய ஜன்னல் சட்டங்களுக்கும் இரும்புக் கதவுகளுக்கும் இவ்வேலை செய்யும் பட்டறைகளிலேயே சக்கரங்களும் ஏறி இறங்குகின்றன.

சிக்கல் இங்கேதான். ஜன்னல் சட்டம் மனிதனைச் சுமந்துகொண்டு வளைவில் சாயாது, சக்கரம் சாயும். அலுமினியக் கலப்பு வார்ப்புச் சக்கரங்கள் பலவற்றுக்குத் தொழிற்சாலையிலேயே வெப்பத்தால் பதம் ஏற்றப்பட்டிருக்கும். அளவுக்கு மிஞ்சிய சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அந்தப் பதம் குலைந்து உலோகம் வலுவிழக்கும். பேரிங் உட்காரும் குழியையும் டிஸ்க் பொருந்தும் முகத்தையும் மறைக்காமல் பொடி தெளித்தால் அவற்றின் அளவு மாறிவிடும். எல்லாவற்றையும் விட, தடித்த பூச்சு மயிரிழை வெடிப்பை அடியோடு மறைத்துவிடும். கம்பிச் சக்கரத்தின் குரோம் பூசிய இரும்பு விளிம்பிலோ, கம்பித் துளைகளைச் சுற்றித் துரு உள்ளே தின்றுகொண்டே போகும். அதன்மேல் கறுப்புப் பூசுவது, கரையான் அரித்த கதவுக்கு வர்ணம் அடிப்பதற்குச் சமம்.

கம்பளையிலிருந்து நுவரெலியா நோக்கி ஏறும் வீதியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2025 மே மாதம் அதே வீதியில் கரண்டிஎல்லயில் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் காரணங்கள் வேறு. ஆனால் அந்த வளைவுகள் எவருடைய தவறையும் பொறுப்பதில்லை.

ஆகவே, கையில் காசு குறைவாக இருந்தால் அதை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதே கேள்வி. என் கருத்து இது. முதற்காசு சோதனைக்கு. பழைய வர்ணத்தை முழுதாக உரித்தபின், வெற்று உலோகத்தில் சிவப்புத் திரவத்தைப் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்தால், வெடிப்பு இருக்குமிடம் சிவப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். வெடிப்பு இருந்தால் அந்தச் சக்கரம் பழைய இரும்புக் கடைக்குரியது. இரண்டாவது காசு பேரிங்குக்கும் கோணல் எடுப்பதற்கும். பூச்சு மூன்றாவதாகவே வரவேண்டும்.

பூச்சிலும் மிச்சம் பிடிக்கலாம். டயர், பேரிங், வால்வு ஆகியவற்றை உங்கள் கராஜிலேயே கழற்றி, வெறும் சக்கரத்தைக் கொண்டுபோங்கள். பட்டறையில் அன்று ஓடும் கறுப்போ வெள்ளியோ போதும் என்றால் துப்பாக்கியைக் கழுவி நிறம் மாற்றும் செலவு இல்லை. வெயிலில் நிற்கும் வண்டிக்குப் பொலியெஸ்டர் பொடி கேளுங்கள். எப்பொக்சி மட்டும் பூசினால் சீக்கிரம் வெளிறும். அதுவும் கட்டாதென்றால், நன்றாகச் சுரண்டி, பிறைமர் அடித்து, ஹார்ட்னர் கலந்த வர்ணம் தெளித்தாலே பல வருடம் நிற்கும். கல் பட்டுப் பெயர்ந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்யலாம். பவுடர் பூச்சில் அது எளிதல்ல. சமையல் அடுப்பிலோ கேஸ் தீயிலோ வீட்டில் சுட்டுப் பார்க்கும் விளையாட்டு மட்டும் வேண்டாம்.

பொடியன்களிடம் மட்டும் பேசிவிட்டு நிறுத்துவது நியாயமாகாது. ஒரு சக்கரத்தை எப்படிச் சோதிப்பது என்பதை அவர்களுக்கு யார் தமிழில் சொல்லிக் கொடுத்தார்கள்? தொழிற்பயிற்சி அதிகாரசபை இருக்கிறது. தேசிய தொழில் தகைமை என்ற சான்றிதழ் முறையும் இருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறிக் கொழும்புக் கடைகளில் நிற்கும் நம் இளைஞர்களுக்கு, உலோகப் பூச்சும் சக்கரத் திருத்தமும் சொந்த ஊரிலேயே சோறு போடக்கூடிய தொழில்கள். சிறு அடுப்பும் துப்பாக்கியும் வெடிப்புச் சோதனைக்கான பயிற்சியும் சேர்ந்த ஒரு பட்டறை நகருக்கு ஒன்று வந்தால், வண்டிகளும் பாதுகாப்பாக ஓடும், பையன்களும் ஊரில் நிற்பார்கள். தேர்தல் காலத்தில் கூரைத் தகடு கொடுப்பவர்கள் இதை ஏன் கேட்கக்கூடாது?

1964 ஒப்பந்தத்தின்பின் நீலகிரிக்குப் போய்விட்ட நம் உறவுகளுக்கும் இதே மலைப்பாதைகள்தாம், இதே பழைய வண்டிகள்தாம். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்து மருமகனின் மோட்டார் சைக்கிளுக்கென்று பணம் அனுப்பும் மாமன்மாருக்கும் ஒரு சொல்: அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் புதுச் சக்கரத்தின் படத்தை அவன் அனுப்பி வைக்கும்போது, "வடிவாயிருக்கு" என்று சொல்வதற்கு முன், "உரித்துப் பார்த்தாயா, வெடிப்பு ஏதும் இருந்ததா?" என்று கேளுங்கள்.