கண்ணீரில் கரையும் வாயு

"இலக்கியம் படிக்கிறவனுக்கு கெமிஸ்ட்ரி எதுக்கு பாஸ்?" என்று கேட்கும் நண்பர்களை எண்ணூருக்குக் கூட்டிப்போக ஆசை.

2023 டிசம்பர் 26, நள்ளிரவை ஒட்டிய நேரம். கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 50 பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். ஒரு கனமீட்டர் காற்றில் 400 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஆலை வாசலருகே 2,090 இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொன்னது.

இப்போது பிளஸ் ஒன் பாடத்துக்கு வாருங்கள். எலக்ட்ரான் கவர்திறன் நைட்ரஜனுக்கு 3.04, ஹைட்ரஜனுக்கு 2.20. இரண்டும் பங்கு போட்டுக்கொண்ட எலக்ட்ரான்களை நைட்ரஜன் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது. முழுசாகப் பிடுங்குவதில்லை. அதனால் அதன்மேல் கொஞ்சம் எதிர்மின்சுமை, ஹைட்ரஜன்கள் மேல் கொஞ்சம் நேர்மின்சுமை. பகுதி மின்சுமை என்பது இதுதான். சரியாக எவ்வளவு என்றால், எலக்ட்ரான் மேகத்தை எப்படிப் பாகம் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். விளைவு மாறாது.

அந்தக் கொஞ்சத்தால்தான் அமோனியா மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. மைனஸ் 33 டிகிரிக்குக் குளிர்வித்தாலே திரவமாகிறது, கப்பலில் ஏற்றிக் குழாயில் அனுப்ப முடிகிறது. அதே கொஞ்சத்தால்தான் தண்ணீரைக் கண்டதும் அதில் கரைகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 700 லிட்டர் அமோனியா வாயுவை விழுங்கும். நம் கண்ணும் தொண்டையும் நுரையீரலும் ஈரம்தானே? அங்கே கரைந்து, காரமாகி, எரிக்கிறது. ஆலைக்கு வசதியான குணமே குப்பத்தின் நெஞ்சை அடைக்கும் குணம்.

அதே குணம் கொஞ்சம் காப்பாற்றவும் செய்யும். நனைத்த துணியை மூக்கில் பொத்தினால் வாயுவில் ஒரு பங்கைத் துணியின் தண்ணீரே பிடித்துவிடும். காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். இரண்டே வரி. நான் டெல்டா குறி போட்டு மார்க் வாங்கினேன். ஈரத்துணி என்ற வார்த்தையை எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

"பீதி வேண்டாம்" என்பது ஆறுதலாக இருக்கலாம், தகவல் ஆகாது. குழாயில் என்ன ஓடுகிறது, கசிந்தால் என்ன செய்வது என்று ஊர்ச் சுவரில் தமிழில் எழுதி வையுங்கள். கடலுக்கடியில் குழாய் பதிக்கக் காசு இருந்தவர்களிடம் ஒரு டப்பா பெயின்ட்டுக்கா காசில்லை?