கம்பி போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி

பிள்ளையின் பல்லுக்குக் கம்பி போட வேண்டும் என்று வரும் பெற்றோர் எங்களிடம் முதலில் கேட்பது செலவு. அடுத்துக் கேட்பது எத்தனை மாதம் என்பது. கம்பி போடுகிறவர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்போர் மிகச் சிலரே. கேட்டால் மருத்துவர் மனம் நோவாரோ என்ற தயக்கமே காரணம் என எண்ணுகிறோம். அத்தயக்கம் தேவையற்றது.

பற்சீரமைப்பில் நகர்வது பல் மட்டுமன்று. கம்பியின் மெல்லிய விசையால் பல்லின் ஒரு பக்கத்தில் தாடை எலும்பு கரைகிறது. மறுபக்கத்தில் புதிய எலும்பு உருவாகிறது. விசை அளவு மீறினால் வேரின் நுனி தேய்ந்து குறுகலாம். அவ்வாறு குறுகிய வேர் மீண்டும் நீளாது. இடம் போதாதபோது நோயற்ற நல்ல பற்களையே எடுக்கவும் நேர்கிறது. எடுப்பதா, வேண்டாமா என்ற முடிவு பிள்ளையின் முகத்தோற்றத்தையும் தொடுவது. சிகிச்சையோ பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் நீள்வது. பிழை வெளிப்படும்போது பாதிக் காலம் கடந்திருக்கும்.

பி.டி.எஸ். பட்டம், பயிற்சிக் காலம் உட்பட ஐந்தாண்டுப் படிப்பு. அதன்பின் பற்சீரமைப்புத் துறையில் மூன்றாண்டு பயின்று பெறுவது எம்.டி.எஸ். பொதுப் பல் மருத்துவர்களும் கம்பி போடுகிறார்கள். எளிய நிலைகளில் நன்றாகவே செய்வோர் உண்டு. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்பதை நோயாளி அறிந்திருக்க வேண்டும். சில நாள் வகுப்பில் கலந்துகொண்டதற்கு அளிக்கப்படும் சான்றிதழும் கண்ணாடிச் சட்டத்துக்குள் பட்டத்தைப் போலவே காட்சியளிக்கிறது. நாம் அஞ்சுவது இதைத்தான்.

வாரியச் சான்று என்பது வேறு. அமெரிக்காவில் 1929இல் பற்சீரமைப்புக்கென ஒரு வாரியம் தொடங்கப்பட்டது. சிறப்புப் பயிற்சி முடித்தவர்களில் விரும்புவோர் மட்டும் அதன் தேர்வை எழுதுகின்றனர். சான்றைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். நம் நாட்டிலும் இந்தியப் பற்சீரமைப்பு வாரியம் உண்டு. தேர்வுக்கு வருபவர் தாம் முடித்த சிகிச்சைகளின் தொடக்க, இறுதிப் படங்களையும் எக்ஸ்ரேக்களையும் பல் அச்சுகளையும் தேர்வாளர் முன் வைக்க வேண்டும். தம் வேலையைப் பிறர் பார்வைக்கு வைத்தல், அதுவும் கட்டாயமின்றி! இச்சான்றை நாம் மதிப்பது இதற்காகவே.

ஆனால் சான்று இல்லாதவரைத் தாழ்வாக எண்ணுவது தவறு. நம் நாட்டில் அதைப் பெற்றோர் தொகை சிறிது. அது இல்லாமலே தலைமுறை தலைமுறையாக மாணவரை உருவாக்கிய பேராசிரியர்கள் பலர். முதலில் பார்க்க வேண்டியது எம்.டி.எஸ். பட்டமும் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் அது பதிவாகியுள்ளதா என்பதுமே. வாரியச் சான்று அதற்கு மேற்பட்ட சிறப்பு.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் பிரிவின் பெயர்ப்பலகையிலும் பட்ட எழுத்துகள் மட்டுமே உள்ளன. அவற்றின் பொருளை எங்கும் எழுதி வைக்கவில்லை. நோயாளி கேட்கவில்லை என்று குறைகூறும் தகுதி எங்களுக்கு அரைகுறையாகவே உண்டு.

அடுத்த முறை வரும்போது கேளுங்கள்: உங்கள் சிறப்புப் பட்டம் எது? மாதந்தோறும் கம்பியைச் சரிசெய்யப் போகிறவர் நீங்களா, வேறொருவரா? இரண்டாவது கேள்விக்கான விடை எந்தச் சான்றிதழிலும் இராது.