வாலை வெட்டாதீங்க சாமி!

"ஒண்ணுமில்லண்ணே, டேட்டா ஃபைல் பக்கத்துல ஒரு குட்டி ஃபைல் உட்கார்ந்திருக்கு பாருங்க, அதை டெலிட் பண்ணிட்டா சரியாயிடும்."

பில் போடும் மென்பொருள் திடீரென்று "டேட்டாபேஸ் இஸ் லாக்டு" என்று முரண்டு பிடித்தால், நம்ம பக்கத்துக் கம்ப்யூட்டர் வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் முதல் மருந்து இதுதான். நெய்வேலி டவுன்ஷிப், மந்தாரக்குப்பம், வடலூர் என்று எங்கே கேட்டாலும் இதே மருந்துதான். இரண்டாவது மருந்து "ஃபார்மேட் போட்டுடலாம்". மூன்றாவது மருந்து கிடையாது. அதற்குள் நோயாளி போய்ச் சேர்ந்திருப்பார் :-)

அந்த முதல் மருந்து மருந்தே இல்லை, விஷம். இதைச் சொல்ல பி.காம் படிக்கிறவனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். பி.காம் படிக்கிறவன்தான் சொல்லணும். ஏன் என்று கடைசிக்குள் புரிந்துவிடும்.

முதலில் அந்தக் குட்டி ஃபைல் என்ன என்று பார்ப்போம். சின்னக் கடைகளுக்கான நிறைய மென்பொருட்கள் தனியாக ஒரு டேட்டாபேஸ் சர்வர் வைப்பதில்லை. மென்பொருளுக்கு உள்ளேயே ஒரு நூலகமாக எஸ்கியூலைட்டைப் பொதித்து வைத்திருப்பார்கள். ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் எழுதியது, 2000ல் வெளிவந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான வேலையில், டேட்டாபேஸ் சர்வர் படுத்தால் மென்பொருளும் சேர்ந்து படுக்கிறதே என்ற எரிச்சலில் பிறந்தது. காப்புரிமை எதுவும் இல்லாமல் பொதுச்சொத்தாகக் கொடுத்துவிட்டார். உங்கள் ஆண்ட்ராய்டு போன், ஐபோன், ஃபயர்ஃபாக்ஸ், குரோம் எல்லாவற்றுக்குள்ளும் இது இருக்கிறது. மொத்தக் கணக்கும் ஒரே ஒரு ஃபைல்.

உங்கள் மென்பொருள் இதைத்தான் பயன்படுத்துகிறதா என்று பார்க்க வழி சுலபம். டேட்டா ஃபைலின் நகல் ஒன்றை (நகலை மட்டும்!) நோட்பேடில் திறந்து பாருங்கள். தலைப்பிலேயே "எஸ்கியூலைட் ஃபார்மேட் 3" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பார்த்துவிட்டு சேவ் கொடுக்காமல் மூடிவிடுங்கள்.

இந்த ஃபைலுக்குப் பக்கத்தில் சில நேரம் இன்னொரு ஃபைல் முளைக்கும். அதே பெயர், கடைசியில் "ஜர்னல்" என்று ஒட்டியிருக்கும். அல்லது டபிள்யூ.ஏ.எல், அதாவது "வால்" என்று ஒட்டியிருக்கும். வால்தானே என்று வெட்டிவிடுகிறார்கள். அதில்தான் உயிரே இருக்கிறது.

பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் பதிவியல் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். நடவடிக்கை நடந்ததும் நேராகப் பேரேட்டில் போய் எழுதுவோமா? முதலில் குறிப்பேட்டில் பதிவு, அப்புறம்தான் பேரேட்டில் எடுத்தெழுதுதல். வால் ஃபைல் சாட்சாத் அந்தக் குறிப்பேடுதான். புதுப் பில் முதலில் வாலில் எழுதப்படும். வால் ஏறத்தாழ 1000 பக்கம் சேர்ந்ததும் முக்கிய ஃபைலுக்கு எடுத்தெழுதப்படும். யாரும் மாற்றாவிட்டால் இதுதான் கணக்கு. ஒரு பக்கம் 4096 பைட். ஒரு பில்லுக்கு ஐந்தாறு பக்கம் என்று வைத்தால்கூட சுமார் 150 பில் அந்த வாலில் தொங்கிக்கொண்டிருக்கலாம். சின்னக் கடைக்கு அது ஒரு நாள் வியாபாரம்.

ஜர்னல் ஃபைல் கொஞ்சம் வேறு மாதிரி. பேரேட்டின் பக்கத்தைத் திருத்துவதற்கு முன்னால் பழைய பக்கத்தை அப்படியே நகலெடுத்து வைப்பது. திருத்தும்போது பாதியில் கரண்ட் போனால், அடுத்த முறை திறக்கும்போது நூலகம் அந்த நகலைப் பார்த்துத் தானாகவே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். நம் வைத்தியர் அதற்குள் அந்த நகலை அழித்திருந்தால்? பேரேட்டில் பாதிப் பக்கம் புதுசு, பாதிப் பக்கம் பழசு. மீட்க ஆதாரம் இல்லை. அப்போதுதான் "டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்டு" என்ற மரணச் செய்தி வரும். உடனே "பார்த்தீங்களா, ஏற்கனவே கரப்ட் ஆகியிருக்கு" என்பார். இல்லை சார். கரப்ட் ஆனது நீங்க டெலிட் அடிச்ச பிறகு!

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? என் ஊகம் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ். எம்டிபி ஃபைலைத் திறந்தால் பக்கத்தில் எல்டிபி என்று ஒரு ஃபைல் வரும். அது உண்மையிலேயே பூட்டு ஃபைல். யார் யார் திறந்திருக்கிறார்கள் என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கும். எல்லோரும் மூடிய பிறகும் அது ஒட்டிக்கொண்டிருந்தால் அழிக்கலாம், கணக்கில் ஒரு பைசா குறையாது. அந்த அனுபவத்தை அப்படியே இங்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆனால் எஸ்கியூலைட்டில் பூட்டு என்பது ஒரு ஃபைலே கிடையாது. விண்டோஸிடமோ லினக்ஸிடமோ மேக்கிடமோ கேட்டு வாங்கும் பூட்டு அது. பூட்டிய புரோகிராம் மூடினால் பூட்டும் தானாகப் போய்விடும். அழிப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை!

"டெலிட் பண்ணா வேலை செய்யுதே, கடைக்காரர் பில் போட்டாகணுமே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கவுண்டரில் ஆள் நிற்கும்போது தத்துவம் பேச முடியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். இருப்பாய்வு சமன் ஆகவில்லை என்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் வைக்கிறோம். பிழை எங்கேயோ இருக்கிறது, பிறகு தேடணும் என்பதற்கு அடையாளமாவது நிற்கும். இவர்கள் செய்வது குறிப்பேட்டையே கிழித்துப் போட்டுவிட்டு "இப்ப டேலி ஆயிடுச்சு" என்பது. பிழை போகவில்லை, சாட்சிதான் போயிருக்கிறது.

எங்கள் ஊர் பாஷையில் சொன்னால் இன்னும் சுலபம். 1962லேயே மின்சாரம் தயாரிக்க ஆரம்பித்த ஊர் இது. பாதி வீட்டில் ஷிப்ட் பார்க்கிறவர் ஒருவர் இருப்பார். யூனிட் ட்ரிப் ஆனால் லாக் புக்கைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு அடுத்த ஷிப்டை ஆரம்பிப்பார்களா? ட்ரிப் ஆன நேரத்தில்தான் லாக் புக்குக்கு மரியாதையே!

வைத்தியர்களை மட்டும் திட்டினால் பாவம். மென்பொருள் எழுதுகிற மகான்களுக்கும் பங்கு உண்டு.

ஒன்று: எஸ்கியூலைட்டில் ஒரே நேரத்தில் பலர் படிக்கலாம், ஒருவர்தான் எழுதலாம். இன்னொருவர் எழுதிக்கொண்டிருந்தால் சில வினாடி காத்திரு என்று சொல்லி வைக்க ஒரு வசதி உண்டு. சொல்லாவிட்டால் காத்திருப்பு நேரம் பூஜ்யம், உடனே "லாக்டு" என்று திரும்பிவிடும். ஒரு வரி எழுத சோம்பல் பட்டுவிட்டு கடைக்காரரை அலற விடுகிறார்கள்.

இரண்டு: வந்த பிழைச் செய்தியை அப்படியே காட்டாமல் "அன்நோன் எரர்" என்று காட்டுவது. "லாக்டு" என்றால் வரிசை, காத்திருந்தால் தீரும். "மால்ஃபார்ம்டு" என்றால் நோய். "ரீட்-ஒன்லி" என்றால் அனுமதிப் பிரச்சனை. மூன்றுக்கும் வேறு வேறு வைத்தியம். எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டியைக் காட்டினால் வைத்தியர் எல்லாவற்றுக்கும் ஒரே ஊசிதான் போடுவார்.

மூன்று: டேட்டாவை புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் வைப்பது. அங்கே எழுத சாதாரணப் பயனருக்கு அனுமதி இல்லை. விஸ்டாவில் இருந்து விண்டோஸ் ஒரு தந்திரம் செய்கிறது. பழைய பாணி மென்பொருள் அங்கே எழுதப் போனால், சத்தம் போடாமல் அந்தப் பயனரின் சொந்த ஃபோல்டரில் "விர்ச்சுவல்ஸ்டோர்" என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். வேறு பெயரில் லாகின் செய்தாலோ அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினாலோ "போன மாச கணக்கே காணோம்"! காணாமல் போகவில்லை, பக்கத்து அறையில் தூங்குகிறது. ஃபார்மேட் போட்டால்தான் நிஜமாகவே காணாமல் போகும்.

நான்கு, எல்லாவற்றையும் விடக் கொடுமை: ஒரு கவுண்டருக்கு எழுதிய மென்பொருளை "ஃபோல்டரை ஷேர் பண்ணிக்கோங்க சார்" என்று மூன்று கவுண்டருக்கு விற்பது. நெட்வொர்க் ஷேரில் பூட்டு சரியாக வேலை செய்யும் என்று நம்ப முடியாது. வால் முறை ஒரே கணினிக்குள்தான் நடக்கும் என்று எஸ்கியூலைட்காரர்களே ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பல கணினி என்றால் சர்வர் டேட்டாபேஸ் போடுங்கள். சைக்கிளில் மூன்று பேர் ஏறி விழுந்தால் சைக்கிளைத் திட்டக்கூடாது.

பழி எப்படி இடம் மாறும் என்பதற்கு ஒரு வேடிக்கை. மெக்காஃபி ஆன்ட்டிவைரஸ் தன் தயாரிப்பில் எஸ்கியூலைட்டைச் சேர்த்தது. டெம்ப் ஃபோல்டரில் அந்தப் பெயரில் தற்காலிக ஃபைல்கள் வந்தன. எரிச்சலான மக்கள் கூகுளில் பெயரைத் தேடி, உருவாக்கியவர்களின் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்து, நடுராத்திரி கூப்பிட்டுத் திட்டினார்கள். கடைசியில் 2006ல் அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகத் தலைகீழாக்கி, ஈடிஐஎல்கியூஎஸ் என்று ஆரம்பிக்கும்படி மாற்றிவிட்டார்கள். காரணத்தை மூல நிரலிலேயே குறிப்பாக எழுதியும் வைத்திருக்கிறார்கள் :-))

சரி, வேறு என்னதான் செய்வது?

முதலில் கையை எடுங்கள். செய்தியை ஒரு தாளில் வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். மென்பொருளை எல்லா இடத்திலும் மூடுங்கள். ஒழுங்காக மூடினால் வால் தானாகவே மறைந்துவிடும். மூடிய பிறகும் இருக்கிறது என்றால், ஒன்று எங்கோ இன்னும் திறந்திருக்கிறது, இல்லை பாதியில் செத்திருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் அதே புரோகிராம் ஒளிந்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஆன்ட்டிவைரஸ், பேக்கப் மென்பொருள் ஏதாவது அந்த ஃபைலைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து மொத்த ஃபோல்டரையும், வாலோடு சேர்த்து, பென்டிரைவில் நகலெடுங்கள். முக்கிய ஃபைலை மட்டும் எடுப்பது பேக்கப் இல்லை, முண்டம். இனி எந்தப் பரிசோதனையும் நகலில்தான். நகலில் "இன்டெக்ரிட்டி செக்" கட்டளை கொடுத்தால், நலம் என்றால் "ஓகே" என்று ஒரே வார்த்தை வரும். இல்லாவிட்டால் 2019ல் சேர்த்த "ரெக்கவர்" கட்டளை, மிஞ்சியதைத் திரட்டிப் புது ஃபைலுக்கு மாற்றித் தரும். எல்லாம் இலவசம். அரை மணி நேர வேலை.

அந்த அரை மணி நேரத்துக்கு எதிரே என்ன இருக்கிறது தெரியுமா? ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 36 படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளில் இருந்து 72 மாதம் கணக்குகளைக் காப்பாற்றி வைக்கணும். அதிகாரி வந்து கேட்கும்போது "வாலை வெட்டிட்டாங்க சார்" என்று சொன்னால் சிரிப்பார், அப்புறம் நோட்டீஸ் கொடுப்பார். கையெழுத்துப் போட்டவர் கடைக்காரர், டெலிட் அடித்தவர் இல்லை.

குறிப்பேட்டைக் கிழிக்கிற கணக்குப்பிள்ளையை எந்தச் செட்டியாரும் ஒரு நாள்கூட வேலைக்கு வைத்திருக்க மாட்டார். கம்ப்யூட்டர் என்று வந்ததும் மட்டும் அதே ஆளுக்குக் காபி வாங்கிக் கொடுத்து, சர்வீஸ் சார்ஜும் கொடுத்து அனுப்புகிறோம். அடுத்த முறை யாராவது அந்தக் குட்டி ஃபைல் மேல் மவுஸை வைத்தால், கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

டிஸ்கி: எல்லாப் பில்லிங் மென்பொருளும் எஸ்கியூலைட் இல்லை. ஆனால் எது என்று தெரியாத ஃபைலை அழிக்காதே என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.