மீன் சினைக்கு ராஜ மரியாதை

சீமான்கள் வீட்டு விருந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் 'காவியர்' என்ற பெயரைத் தவறாமல் சொல்லுவார்கள். பெயரின் தோரணையைப் பார்த்து ஏதோ கந்தர்வ லோகத்துப் பதார்த்தம் என்று எண்ணிவிடாதீர்கள். உப்பிட்ட மீன் சினை, அவ்வளவுதான்! (சைவ வாசகிகள் மன்னிக்க, சாப்பிடச் சொல்லவில்லை, கதையைத்தான் கேட்கச் சொல்கிறேன்.)

எல்லா மீனுக்கும் அந்தப் பாத்தியதை கிடையாது. ஸ்டர்ஜன் என்ற மீனின் சினைதான் அசல் காவியர். அதிலும் காஸ்பியன் கடலில் பிடிபடும் பெலூகாவுக்குத்தான் மவுசு. சினையைச் சல்லடையில் மெல்லத் தேய்த்து, சவ்வை நீக்கி, மணி மணியாக உதிர்த்து, அளவாக உப்புச் சேர்த்து டப்பாவில் அடைக்கிறார்கள். வெள்ளிக் கரண்டி பட்டால் ருசி கெடுமாம். முத்துச்சிப்பிக் கரண்டிதான் வேண்டுமாம்!

ருஷ்யப் பதார்த்தமாயிற்றே, பெயரும் ருஷ்யப் பெயர்தானே என்பீர்கள். அதுதான் இல்லை. ருஷ்யர்கள் அதை 'இக்ரா' என்கிறார்கள். பாரசீகத்தில் 'காயா' என்றால் முட்டை. (நம் ஊர்க் காய்க்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது!) அதிலிருந்து வந்த 'காவியார்', துருக்கியில் 'ஹவ்யார்' ஆகி, இத்தாலி வழியாகப் பிரான்சுக்குப் போய், அங்கே நாகரிகம் பூசிக்கொண்டு ஆங்கிலத்தில் நுழைந்தது. வேடிக்கை என்னவென்றால், பெயர் கொடுத்த ஈரானிலேயே இதைச் சாப்பிடலாமா என்று சந்தேகம் இருந்தது. செதில் இல்லாத மீன் விலக்கப்பட்டது என்பது அங்கே சாஸ்திரம். 1983-ல் ஆயதுல்லா கோமேனி, ஸ்டர்ஜனுக்கும் செதில் உண்டு என்ற நிபுணர்கள் பேச்சை ஏற்று அனுமதி கொடுத்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மதுக்கடைகளில் இதை இனாமாகவே கொடுத்தார்களாம். உப்பைத் தின்றவன் இன்னொரு கோப்பை கேட்பான் அல்லவா?

இனாம் காலம் மலையேறிவிட்டது. பெலூகா நூறு வயதுகூட வாழும். ஆனால் பெண் மீன் சினைப்பிடிக்கப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும். அப்படி வளர்ந்ததை வயிற்றைக் கிழித்தல்லவா சினை எடுத்தார்கள்! வால்கா நதியில் அணை எழும்பி, முட்டையிடப் போகும் வழியும் அடைபட்டது. 1991-ல் சோவியத் நாடு சிதறியபின் திருட்டு வேட்டை வேறு. 1998 முதல் ஸ்டர்ஜன் இனம் முழுவதும் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

இன்று கடைக்கு வருவதில் பெரும்பகுதி பண்ணை மீனின் சினை. அதில் சீனாவுக்கே முதலிடம். சில பண்ணைகளில் மீனைக் கொல்லாமலே முட்டையைப் பிதுக்கி எடுக்கிறார்கள். மணி கொஞ்சம் குழைவாக இருக்கிறது என்று போஜனப் பிரியர்கள் முகம் சுளிக்கிறார்களாம். சுளிக்கட்டுமே!