குத்தெதிர்க் கோணத்தில் குத்து எங்கே?

பாப்பிரெட்டிப்பட்டியில் ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு ‘குத்து’ என்ற சொல் புதிதல்ல. குத்துக்கல் தெரியும். செங்குத்தாக ஏறும் சேர்வராயன் மலைச்சரிவு தெரியும். நிமிர்ந்து நிற்பது குத்து. அதே பிள்ளையின் கணக்குப் புத்தகத்தில், வடிவியல் பாடத்தில், ‘குத்தெதிர்க் கோணங்கள்’ வருகின்றன. இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் படத்தில் மேலும் கீழுமாக உள்ள கோணங்களைப் பிள்ளை சரியாகக் காட்டிவிடும். இடமும் வலமுமாக உள்ள இரண்டும் குத்தெதிர்தான் என்று ஆசிரியர் சொன்னால் முழிக்கும். அவை குத்தாக இல்லையே!

பிழை பிள்ளையுடையது அல்ல, சொல்லுடையது. ஆங்கிலத்தில் இவற்றை ‘வெர்டிகல்’ கோணங்கள் என்கிறார்கள். அந்தச் சொல் இங்கே நிமிர்ந்து நிற்பதைக் குறிக்கவில்லை; கோடுகள் சந்திக்கும் முனையான ‘வெர்டெக்ஸ்’ என்பதிலிருந்து வந்தது. முனைக்கு எதிரெதிரே இருக்கும் கோணங்கள் என்பதுதான் பொருள். தமிழுக்கு வந்தபோது முனை போய்க் குத்து ஒட்டிக்கொண்டது. ‘முனையெதிர்க் கோணங்கள்’ என்று இருந்திருந்தால் பாதி விளக்கம் பெயரிலேயே முடிந்திருக்கும். பாடநூலைத் திருத்தும் அடுத்த வாய்ப்பில் பெயரை மாற்றலாம். மாற்றத் தயக்கம் இருந்தால், இந்தக் ‘குத்து’ முனையைக் குறிக்கிறது என்று ஒரு வரிக் குறிப்பாவது சேர்க்க வேண்டும்.

எல்லாப் பெயரும் இப்படி வழிதவறியவை அல்ல. செங்கோணத்தில் மிச்சமிருக்கும் இடத்தை நிரப்புவது நிரப்புக் கோணம். இரண்டும் சேர்ந்தால் 90 பாகை. ‘ஒன்றுவிட்ட உட்கோணங்கள்’ இன்னும் அழகு. ஒன்றுவிட்ட அண்ணன் இல்லாத குடும்பம் எது? இரண்டு இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டும்போது, கோடுகளுக்கு நடுவே நான்கு கோணங்கள் கிடைக்கும். அவற்றைச் சுற்றி எண்ணி, ஒன்றை விட்டு அடுத்ததைத் தொட்டால் அதுதான் ஜோடி. பெயரே வழிகாட்டுகிறது. ஆனாலும் பல வகுப்பறைகளில் இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. ‘இசட்’ வடிவம் தெரிந்தால் ஒன்றுவிட்ட கோணம், ‘எஃப்’ வடிவம் தெரிந்தால் ஒத்த கோணம் என்று சொல்லிக்கொடுத்து அடுத்த பயிற்சிக்குப் போய்விடுகிறார்கள். எழுத்தைத் தேடப் பழகிய கண், படம் சாய்ந்ததும் தடுமாறுகிறது. கோடுகள் இணையாக இல்லாத படத்திலும் அந்த எழுத்து தெரிவதால், அங்கேயும் கோணங்கள் சமம் என்று எழுதிவிடுகிறது. மதிப்பெண் போவது பெரிதல்ல. இணைகோடு என்பதால்தான் சமம் என்ற காரணமே பிள்ளைக்குக் கிடைக்காமல் போகிறது.

காரணத்தைச் சொல்ல அதிக நேரமும் ஆகாது. மேசை மீது ஒரு கத்தரிக்கோலைப் படுக்க வைத்து விரித்தால் போதும். அலகுப் பக்கம் விரியும் அளவுக்கே பிடிப்பக்கமும் விரிகிறது. ஏன்? அலகுப் பக்கக் கோணத்தையும் பக்கவாட்டுக் கோணத்தையும் சேர்த்தால் 180 பாகை. பிடிப்பக்கக் கோணத்தோடு அதே பக்கவாட்டுக் கோணத்தைச் சேர்த்தாலும் 180. ஆகவே முதலாவதும் மூன்றாவதும் சமம். யூக்ளிட் தம் நூலின் முதல் பகுதியில் 15ஆவது கூற்றாக நிறுவியது இதைத்தான். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுப் பழைய நிறுவலைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் வாயால் சொல்ல முடியும். அதைச் சொல்லவிடாமல் “சமம், எழுதிக்கொள்” என்று முடிப்பது அநியாயம்.

இணைகோடுகளுக்கு என்ன செய்வது? உடனே நினைவுக்கு வருவது பொம்மிடி வழியாகப் போகும் சேலம்–ஜோலார்பேட்டை ரயில் பாதை. தண்டவாளங்கள் இணை, ஸ்லீப்பர் கட்டை குறுக்குவெட்டி என்று காட்டத் தோன்றும். அது நல்ல உதாரணம் அல்ல. கட்டை தண்டவாளத்துக்குச் செங்கோணத்தில் கிடப்பதால் எட்டுக் கோணங்களும் 90 பாகைதான். எது சமமான ஜோடி, எது சேர்ந்து 180 ஆகும் ஜோடி என்று பிரித்தறிய வழியே இல்லை. குறுக்குவெட்டி சாய்ந்திருக்க வேண்டும்.

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரம் மஞ்சள் விளையும் மண். பார் பிடித்த மஞ்சள் காட்டை விடப் பெரிய கரும்பலகை எந்தப் பள்ளியிலும் கிடையாது. வரிசை வரிசையாக இணையான பார்கள். அவற்றின் மேல் சாய்வாக ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினால் குறுக்குவெட்டி தயார். முதல் பாரில் கயிறு உண்டாக்கும் கோணத்தைப் பழைய செய்தித்தாளில் வெட்டி எடுத்துக்கொண்டு, கயிறு வழியே அடுத்த பாருக்கு, அதற்கடுத்த பாருக்கு நகர்த்திப் பார்க்கட்டும். ஒவ்வொன்றிலும் அச்சாகப் பொருந்தும். இவைதான் ஒத்த கோணங்கள் என்று அந்த நிமிடத்தில் பெயர் சொன்னால், பெயர் ஒட்டும். ஒரு பார் கோணலாக இருந்தால் தாள் பொருந்தாது. அது இன்னும் நல்ல பாடம். காட்டுக்குப் போக முடியாத பள்ளிக்கு மைதானமும் சுண்ணாம்புப் பொடியும் போதும். இதற்கு இரண்டு பாடவேளை போகும். பயிற்சிக் கணக்குகளில் நான்கைக் குறைத்தாவது இதைச் செய்ய வேண்டும். தேர்விலும் ‘மதிப்பு காண்க’ என்று கேட்கிற இடத்தில் ‘காரணம் சொல்’ என்று கேட்கத் தொடங்கினால், கற்பித்தல் தானாக மாறும்.

முன்னே பார்த்த ஒன்றுவிட்ட கோணத்தை வைத்துத்தான் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரடோஸ்தனிஸ் பூமியை அளந்தார். எகிப்தின் சையீன் நகரில் சூரியன் உச்சியில் நின்ற நண்பகலில், வடக்கே அலெக்சாண்டிரியாவில் வெயிலின் சாய்வு வட்டத்தில் 50இல் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை. சூரியக் கதிர்கள் இணைகோடுகள். சையீனில் உச்சியிலிருந்து விழும் கதிரை நீட்டினால் பூமியின் மையத்துக்குப் போகும். பூமியின் மையத்திலிருந்து அலெக்சாண்டிரியா வழியே மேலே நீளும் கோடு குறுக்குவெட்டி. எனவே மையத்திலும் அதே 7.2 பாகை. இரு நகரங்களின் இடைத்தொலைவை 50ஆல் பெருக்கினார்; பூமியின் சுற்றளவு கிடைத்தது.

இதை இங்கேயும் செய்யலாம். பாப்பிரெட்டிப்பட்டியில் ஆகஸ்ட் 21 வாக்கில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. நட்ட குச்சிக்கு நிழல் இருக்காது. மழை மேகம் விலகி நின்றால், அன்றைக்குக் கன்னியாகுமரிப் பள்ளி ஒன்றில் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் இருக்கும், அதுவும் தெற்கு நோக்கி. வெயிலின் சாய்வு 4 பாகைக்குச் சற்றுக் குறைவு. இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக இடைவெளி சுமார் 420 கிலோமீட்டர். மிச்சத்தை இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் தொலைபேசியில் பேசியே கணக்கிட்டுவிடுவார்கள்.